பீரோவுக்குள் டவர் கிடைக்குமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதும் செய்து காட்டியதும், எழுத்து வடிவில்)



சேமிப்பு, உள்கடன், வரவு செலவு எல்லாம் வாசித்து முடித்தாச்சு. போன மாதக் கூட்டத்தில் நேரம் போதாமல் பாதியில் விட்ட பேச்சை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறோம். அன்றைக்கு வராதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

நம் குழுக்களில் ஒன்றின் ஊக்குநர் தன்னுடைய போனை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவது வழக்கம். பிள்ளைகள் கையில் கிடைத்தால் விளையாடியே சார்ஜைத் தீர்த்துவிடுவார்கள் என்பதற்காக. தீர்மான நோட்டு, ரப்பர் ஸ்டாம்பு, பாஸ்புக், அதுக்குப் பக்கத்தில் போன். குழுக் கணக்கு விஷயமாக வங்கியிலிருந்து மூன்று தடவை அழைத்திருக்கிறார்கள். மூன்று தடவையும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்றுதான் பதில். ஓ.டி.பி. எண்ணும் அனுப்பியிருக்கிறார்கள். அது பீரோவைத் திறந்த பிறகு வந்து சேர்ந்தது. அதற்குள் அந்த எண்ணுக்கு ஆயுசு முடிந்துவிட்டது. மறுநாள் மூன்று பேர் பஸ் ஏறிப் போய் நாள் பூரா உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். மூன்று பேர் கூலியும் பஸ் காசும் போச்சு.

இதைக் கேட்டதும் இன்னொரு அக்கா எழுந்து, "நானும் பீரோவுலதான் வைக்கிறேன். எனக்கு நல்லாத்தான் அடிக்குது. பீரோ மேல பழி போடாதீங்க" என்றார். கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அது எப்படி என்று பார்க்கத்தான் இன்றைக்கு இந்தச் சம்படம், குக்கர், சமையல் அறையில் இருக்கிற ஃபிரிட்ஜ், நம்ம தின்பண்டம் செய்கிற பிரிவில் இருக்கிற மைக்ரோவேவ் ஓவன் எல்லாவற்றையும் துணைக்கு வைத்திருக்கிறோம்.

முதலில் சிக்னல் என்றால் என்ன? வெளிச்சம் எந்த ஜாதியோ அதே ஜாதிதான். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். குளத்தில் கல்லைப் போட்டால் அலைக்கு அலை ஒரு இடைவெளி இருக்குமில்லையா, அதுபோல இதற்கும் நீளம் உண்டு. எஃப்.எம். ரேடியோவின் அலை சுமார் 3 மீட்டர் நீளம். செல்போனில் 900 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்கிற அலை 33 செ.மீ., அதாவது ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட. 1800 என்பது அதில் பாதி. வைஃபையும் மைக்ரோவேவ் ஓவனும் சுமார் 12 செ.மீ. அலை. இந்த நீளங்களை மனசில் வச்சுக்குங்க. கடைசி வரைக்கும் இதுதான் கணக்கு.

மண்சுவர், மரம், துணி, பிளாஸ்டிக், கண்ணாடி இவற்றுக்குள் அலை கொஞ்சம் இளைத்தாலும் நுழைந்துவிடும். உலோகம் அப்படி இல்லை. அலை வந்து பட்டதும் உலோகத்தில் இருக்கிற மின்சாரம் அசைந்து, வந்த அலையை எதிர்த்துத் திருப்பிவிடும். முழுக்க உலோகத்தால் மூடிய கூண்டுக்குள் வெளி மின்சாரத்தின் பாதிப்பு வராது என்று 1836இல் லண்டனில் செய்து காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் வீட்டுப் பிள்ளை. புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் வேலை பழகப் போனவர், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானி ஆனார். நம்ம பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை, வேறொரு நாள் சொல்கிறோம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, தடுப்பதற்குக் கனமான இரும்பு தேவையில்லை. சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாள் போதும். ஆனால் எல்லாப் பக்கமும் மூடியிருக்க வேண்டும். முழுங்கை கனத்துக்கு இரும்பு இருந்தாலும் ஒரு சந்து விட்டால் அலை உள்ளே வந்துவிடும்.

சந்து என்றால் எவ்வளவு சந்து? மாவு சலிக்கிற சல்லடையில் கோதுமை இறங்காது. அதேபோல அலை நீளத்தைவிட ரொம்பச் சின்ன ஓட்டையில் அலை இறங்காது. மைக்ரோவேவ் ஓவன் கதவில் கண்ணாடிக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக ஒரு தகடு தெரியும். புள்ளி ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மி.மீ. அலையோ 12 செ.மீ. அதனால் பதார்த்தம் நம் கண்ணுக்குத் தெரிகிறது, அலை வெளியே வருவதில்லை. வெளிச்சத்தின் அலை ரொம்ப ரொம்பச் சின்னது, அதுக்கு அந்த ஓட்டையே கோட்டை வாசல்.

ஆனால் சந்து நீளமாக இருந்தால் கதை வேறு. அகலம் நூல் அளவே இருந்தாலும், நீளம் அலை நீளத்தை எட்டிவிட்டால் அலை புகுந்துவிடும். பீரோவைப் பாருங்கள். இரண்டு கதவுக்கும் நடுவே மேலிருந்து கீழ் வரைக்கும் ஆள் உயரத்துக்கு ஒரு சந்து. நம் கண்ணுக்கு அது மூடின மாதிரி. ஒரு அடி அலைக்கு அது திறந்த வாசல். ஃபிரிட்ஜும் அப்படித்தான். வெளியே தகடு, உள்ளே பிளாஸ்டிக், கதவு ஓரம் சுற்றிலும் ரப்பர். அந்த ரப்பர் ஓடுகிற வழியெல்லாம் அலைக்குப் பாதை. 2013இல் அமெரிக்க அரசின் உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடென், ஹாங்காங்கில் தன்னைப் பார்க்க வந்த வக்கீல்களின் போன்களை ஃபிரிட்ஜுக்குள் வைக்கச் சொன்னார் என்று பத்திரிகைகளில் வந்தது. ஃபிரிட்ஜ் கதவு பேச்சுச் சத்தத்தை நன்றாக மறைக்கும். சிக்னலை அந்த அளவுக்கு மறைக்காது.

இப்போ செய்து பார்ப்போம். இந்த மண்டபத்தில் டவர் நன்றாகக் கிடைக்கிறது. நான்கு கோடும் நிற்கிறது. ஒவ்வொன்றிலும் வைத்த பிறகு ஒரு நிமிஷம் பொறுத்துக் கூப்பிடுவோம். போன் உள்ளே போனதும் உடனே அடங்காது, டவரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

(எவர்சில்வர் சம்படத்தில் வைத்து மூடியை இறுக்கினோம். முதல் தடவை மணி அடிக்கவில்லை. மூடியை எடுத்துத் திரும்பப் போட்டதும் அடித்தது. மறுபடி அழுத்தி மூடினோம், அடிக்கவில்லை. கூட்டத்தில் சிரிப்பு.)

பார்த்தீங்களா? சம்படம் ஒன்றேதான். மூடி விளிம்பு எத்தனை இடத்தில் நன்றாக ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. அடுத்தது குக்கர்.

(குக்கரில் மணி அடித்தது. ஃபிரிட்ஜிலும் அடித்தது. அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி ஓரத்தை மடித்தபோது அடிக்கவேயில்லை.)

குக்கர் எவ்வளவு கெட்டி! ஆனால் மூடிக்கும் சட்டிக்கும் நடுவே கேஸ்கட் ரப்பர் வட்டமாக ஓடுகிறது. ஆவிக்குத் தடை, அலைக்கு வழி. வாஷிங் மெஷினைச் சொல்லவே வேண்டாம். உள் டிரம் உலோகம்தான், மேல் மூடி பிளாஸ்டிக்கோ கண்ணாடியோதானே.

அடுத்து மைக்ரோவேவ் ஓவன். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்கிறோம். போனை உள்ளே வைத்து யாரும் தவறிக்கூட சுவிட்சைப் போடக்கூடாது. போன் பொசுங்கிவிடும், தீப்பிடிக்கும்.

(மணி அடித்தது. "அப்போ அடுப்பு ஒழுகுதுங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு சகோதரி கேட்டார்.)

நல்ல கேள்வி. ஊருக்குள் இப்படி ஒரு பரீட்சை சுற்றிக்கொண்டிருக்கிறது: ஓவனுக்குள் போன் அடித்தால் ஓவன் ஒழுகுகிறது என்று. அது சரியான பரீட்சை இல்லை. ஓவன் கதவின் ஓரத்தை அதனுடைய சொந்த அலையான 12 செ.மீ.க்கு என்று கணக்குப் போட்டு அமைத்திருக்கிறார்கள். ஒரு அடி நீளமுள்ள போன் அலைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். போனின் காது ரொம்பக் கூர்மை. ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடி பங்காக்கினால் வருகிற ஒரு பங்கு சக்தி கிடைத்தாலும் அது டவரைப் பிடித்துக்கொள்ளும். ஓவனோ ஆயிரம் வாட் அளவில் வேலை செய்கிற சாமான். அதில் கதவிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். அந்த அளவு நம் உடம்புக்காக வைத்தது. போனை ஊமையாக்க வைத்தது அல்ல. கதவு சரியாக மூடாவிட்டாலோ, வளைந்து போனாலோ, கண்ணாடி விரிசல் விட்டாலோ அப்போது ஓவனைப் பயன்படுத்தக்கூடாது. அதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம், போன் வைத்துப் பார்க்க வேண்டாம்.

ஓவன் கதவைப் பற்றி ஒரு உண்மைக் கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற இடத்தில் 64 மீட்டர் அகலத்தில் பெரிய தட்டு மாதிரி ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. வானத்திலிருந்து வருகிற அலைகளைக் கேட்பதற்கு. 1998 முதல் அதில் அவ்வப்போது ஒரு விசித்திரச் சத்தம் பதிவாகிக்கொண்டே இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று வருஷக்கணக்கில் யாருக்கும் பிடிபடவில்லை. 2015இல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த எமிலி பெட்ராஃபும் அவருடன் சேர்ந்தவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே வேலை பார்ப்பவர்கள் மைக்ரோவேவ் ஓவனில் சாப்பாட்டைச் சூடு பண்ணும்போது, நேரம் முடிவதற்குள் அவசரப்பட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்கள். அது அணைகிற அந்தக் கண நேரத்தில் வெளியே வந்த அலைதான் தொலைநோக்கிக்குக் கேட்டது. பசிக்கிறவர்களிடம் பொறுமை எங்கே இருக்கிறது?

சரி, இரண்டு பீரோ விவகாரத்துக்கு வருவோம். பீரோ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தடுக்கும். ஒரு பேச்சுக்கு நூறில் தொண்ணூற்றொன்பது பங்கைத் தடுக்கிறது என்று வையுங்கள். டவருக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டில் சிக்னல் வெள்ளமாக வருகிறது. நூறில் ஒரு பங்கு மிஞ்சினாலே தாராளம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும் அங்கே மணி அடிக்கும். ஊர்க்கோடியில், மேட்டுக்கு அந்தப்புறம் இருக்கிற வீட்டில் வருவதே சொட்டுத்தான். அதில் பத்தில் ஒன்பதைத் தடுத்தாலே போன் ஊமை. தடுப்பு ஒன்று, கையிருப்பு வேறு வேறு. கையிருப்பு உள்ள குழுவுக்கு ஒரு மாதம் சந்தா வராவிட்டால் தெரியாது, இல்லாத குழு திண்டாடிப் போகுமே, அதேதான்.

அதனால் ஒரு கோடு இரண்டு கோடு மட்டும் வருகிற வீட்டுக்காரர்கள்தான் சாமான்களைப் பற்றி யோசிக்க வேண்டும். நான்கு கோடு வருகிறவர்கள் போனை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தகர ஷீட் வீடாக இருந்தால் மேலிருந்து வருவது அனேகமாக அடைபட்டுவிடும். ஜன்னல், கதவு வழியாகத்தான் வரவேண்டும். அந்த ஜன்னலுக்கு நேராக பீரோவையோ ஃபிரிட்ஜையோ நிறுத்தினால் இருக்கிற ஒரு வாசலும் போச்சு. ஃபிரிட்ஜில் தகடு மட்டும் இல்லை, உள்ளே தண்ணீர் பாட்டிலும் இருக்கிறது. தண்ணீரும் அலையைக் குடிக்கும். பீரோவின் நிலைக்கண்ணாடியும் அப்படித்தான். கண்ணாடி அலையை விட்டுவிடும், ஆனால் அதன் முதுகில் பூசியிருக்கிற உலோகப் பூச்சு விடாது. டவர் எந்தப் பக்கம் என்று வெளியே வந்து பார்த்து, அந்தப் பக்கத்து ஜன்னலில் ஆணி அடித்து ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு அதில் போனைப் போடுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்தால் பீரோவில் பூட்ட வேண்டிய தேவையும் இல்லை.

இன்னொன்று. வீட்டுக்குள் அலை சாமான்களில் பட்டுப் பட்டுத் திரும்பி, சில இடத்தில் கூடும், சில இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துவிடும். கூடுகிற இடத்துக்கும் சாகிற இடத்துக்கும் தூரம் ஒரு சாண்கூட இருக்காது. போன் எடுக்கவில்லை என்றால் தெருவுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்த்திப் பாருங்கள். ராத்திரி நேரத்தில் 108ஐக் கூப்பிட வேண்டிவந்தால் இது நினைவிருக்கட்டும். அலாரம் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று போனை எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்துகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அலாரம் நன்றாகக் கேட்கும், ஆனால் வெளியூரிலிருந்து வருகிற அழைப்பு கேட்காமல் போகலாம்.

பிள்ளை உள்ளறையில் உட்கார்ந்து படிக்க இன்டர்நெட் வேண்டுமென்றால், டவர் கிடைக்கிற ஜன்னலில் ஒரு போனை வைத்து அதிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுங்கள். ஜன்னலிலிருந்து உள்ளறைக்கு வைஃபை சுலபமாகப் போய்விடும். வைஃபை பெட்டி வைத்திருப்பவர்கள் அதை டி.வி.க்குப் பின்னாலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் மறைத்து வைக்க வேண்டாம். அழகாக இருக்காது என்பது சரிதான். ஆனால் தகட்டுக்குப் பின்னால் வைத்தால் அந்தப் பக்கம் நிழல் விழும், விளக்கை மறைத்தால் விழுவது போல. பக்கத்தில் மைக்ரோவேவ் ஓவன் ஓடினாலும் வைஃபை திணறும், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அலை என்பதால்.

மிக்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய காலத்தில், மிக்சி போட்டால் பக்கத்து வீட்டு ரேடியோ கரகரக்கிறது என்று சண்டை வந்த கதைகள் நமக்குத் தெரியும். மிக்சி அலையைத் தடுப்பதில்லை. அது தானே இரைச்சல் போடுகிறது. மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசி பொறி பறப்பதால் வருகிற இரைச்சல் அது. கிரைண்டர் மோட்டாரில் பிரஷ் இல்லை, அதனால் அந்தத் தொந்தரவும் இல்லை. செல்போன் அலை வேறு இடத்தில் ஓடுவதால் மிக்சியால் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. உங்களுக்குத்தான் மணி காதில் விழாது.

கடைசியாக, கதிர்வீச்சுக்குப் பயந்து இரவில் போனைத் தகர டப்பாவில் போட்டு மூடி வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நினைப்பது ஒன்று, நடப்பது வேறு. டவர் கிட்டே இருந்தால் போன் மெதுவாகப் பேசும். டவர் கேட்காவிட்டால் உரக்கக் கத்தும். 2ஜி போன் அதிகபட்சம் 2 வாட் வரை கத்தக்கூடியது. 4ஜி போன் வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை. பாதி மூடிய டப்பாவில் போட்டால் அது இரவெல்லாம் டவரைத் தேடித் தேடிக் கத்தி, காலையில் சார்ஜ் தீர்ந்து சூடாகக் கிடக்கும். வேண்டாமென்றால் அணைத்துவிடுங்கள், அல்லது ஃபிளைட் மோடு போடுங்கள். தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து இரண்டு முழம் தள்ளி வைத்தாலே உடம்பில் படுவது வெகுவாகக் குறைந்துவிடும். இந்தியாவில் விற்கிற போனுக்கு உடம்பில் படக்கூடிய அளவு கிலோவுக்கு 1.6 வாட் என்று 2012 செப்டம்பர் முதல் வரம்பு இருக்கிறது. உங்கள் போனில் *#07# என்று அழுத்தினால் அதன் அளவு தெரியும். சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே அழுத்திப் பாருங்கள்.

(இதற்குப் பிறகு ஒரு சகோதரி, "ஏ.டி.எம். கார்டில் வைஃபை குறி மாதிரி வளைகோடு போட்டிருக்கே, கூட்டத்தில் யாராவது மெஷினைக் காட்டிப் பணம் எடுத்துடுவாங்களா? டப்பாவில் வைக்கணுமா?" என்று கேட்டார்.)

அந்தக் கார்டு மெஷினுக்கு சுமார் 4 செ.மீ. கிட்டே வந்தால்தான் பேசும். 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே அப்படிச் செலுத்தலாம் என்று விதி இருப்பதால் நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இங்கே டப்பா உதவும். சுருக்குப்பையில் கார்டைச் சுற்றி ஒரு அலுமினியத் தாள் மடிப்பு இருந்தாலே போதும். அந்த வசதியே வேண்டாம் என்றால் வங்கியில் சொல்லி நிறுத்திவிடலாம். வங்கிக்குப் போகும்போது பாஸ்புக்கையும் கார்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.